பச்சை பெயின்ட் அடித்த வாட்டர் பம்ப்

எங்கள் வீட்டில் பம்ப்பைக் கடையில் வாங்கும் வழக்கம் கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் வருஷமே இது எனக்குத் தெரிந்துவிட்டது. கணவருக்குக் கோயமுத்தூர் கணபதியில் பம்ப் செட் பட்டறை. அவருடைய அப்பா ஆரம்பித்தது. கிணற்றுக்குப் போடுகிற பெரிய பம்ப்புகள்தான் அங்கே செய்வார்கள். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற சின்ன பம்ப் ஒருமுறை புகைந்துபோனபோது, கடையில் ஒன்றை வாங்கி மாட்டினால் ஒரு மணி நேர வேலை. இவர் வாங்கவில்லை. நான்கு நாள் வீட்டில் குடத்தில் தண்ணீர் தூக்கினார்கள். ஐந்தாம் நாள் பட்டறையிலேயே அந்த அளவில் ஒன்றை வார்த்து, கடைந்து, பச்சை பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து மாட்டினார். "பம்ப்புக்காரன் ஊட்டுல கடை பம்ப்பு ஓடுனா, நாளைக்கு எவன் நம்மகிட்ட வருவான்?" என்றார். நியாயம்தான் என்று நினைத்தேன். குடம் தூக்கியது நான் இல்லை என்பதும் ஒரு காரணம்.

நான் மயக்க மருந்து டாக்டர். ஜனங்கள் 'மயக்க டாக்டர்' என்று சுருக்கிவிடுவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அன்னூர், புளியம்பட்டி, கோபி என்று அந்தப் பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன நர்சிங் ஹோம்கள் வந்திருந்தன. அறுவை சிகிச்சை செய்கிறவர் அந்த ஊரிலேயே இருப்பார். மயக்கம் கொடுக்கக் கோயமுத்தூரிலிருந்து நான் போக வேண்டும். நான் போய்ச் சேரும்வரை நோயாளி காத்திருக்க வேண்டும், கத்தியும் காத்திருக்க வேண்டும். அதனால் வாரத்தில் ஐந்து நாள் நான் ரோட்டில்தான் இருந்தேன்.

என் பெட்டியில் எல்லாமே இரண்டிரண்டாக இருக்கும். தொண்டைக்குள் விட்டுப் பார்க்கிற லைட் கருவி இரண்டு, அதற்கு உபரியாக நான்கு பல்பு, பேட்டரி செல் ஒரு டஜன். ஒரு நர்ஸ் பெட்டியைத் துடைக்கிறேன் என்று உபரி பல்புகளை வெளியே எடுத்து வைத்து மறந்துவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் அவள் ஒரு வாரம் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அதை நான் ஒளித்ததும் இல்லை. அப்படிப்பட்ட என்னிடம் ஒற்றையாக இருந்தது கார் மட்டும்தான். அது நடுவழியில் நின்றால், அந்தப் பக்கம் யாரோ ஒருவர் மேஜையில் படுத்திருப்பார்.

வெளிநாட்டு இன்ஜின் வைத்த டீசல் கார் அது. மீட்டரில் அறுபதாயிரம் நெருங்கியபோது மெக்கானிக், இன்ஜின் வால்வுகளை நேரம் பிசகாமல் இயக்குகிற டைமிங் பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும் என்றார். உக்கடத்தில் குளக்கரைப் பக்கம் அவருடைய ஒர்க்‌ஷாப். ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். கோயமுத்தூரில் பாதி டாக்டர்களின் கார் அவரிடம்தான் போகும். வாய்ப்பேச்சில் வேலையை முடிக்கிற ஆளில்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைக் கிளிப்பில் மாட்டி வைத்திருப்பார். என்ன வேலை, என்ன சாமான் என்று அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவார்.

எனக்கு எழுதிக் கொடுத்த தாளில் ஆறு வரி இருந்தது. பெல்ட்டு. அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர். பெல்ட்டு ஏறி ஓடுகிற இன்னொரு சக்கரம். ஆயில் சீல், மேலே ஒன்று, கீழே ஒன்று. டென்ஷனர் போல்ட்டு. இன்ஜின் சூட்டைத் தணிக்கிற தண்ணீரைச் சுற்றவிடுகிற வாட்டர் பம்ப்.

பெல்ட் மாற்றச் சொல்லிவிட்டு ஆறு சாமான் எழுதியிருக்கிறாரே என்று கேட்டேன். சந்தேகப்பட்டுத்தான் கேட்டேன், மறைப்பானேன்.

"டாக்டரம்மா, பெல்ட்டு மாத்தறது ஒரு வேலையே இல்லீங்க. பெல்ட்டுகிட்டப் போறதுதான் வேலை," என்றார். "முன்னாடி இருக்கறது அத்தனையும் கழட்டோணும். அத்தனையும் கழட்டிப்போட்டு பெல்ட்டை மட்டும் மாத்தி மூடுனம்னு வெச்சுக்கங்க, டென்ஷனர் பேரிங் பழசு. அது நாளைக்குப் பிடிச்சுதுன்னா புது பெல்ட்டு போச்சு. சீல் கசிஞ்சா ஆயில் பட்டு பெல்ட்டு ஊறிப்போகும். வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டுலதானுங்க சுத்துது. அது நின்னா பெல்ட்டு பல்லு அத்தனையும் வழிச்சுப்போடும். வால்வு வளைஞ்சு இன்ஜின் நின்னுரும். ஆறுல எது பழசோ, அது எப்பப் போகுதோ, அதுவரைக்குந்தானுங்க மத்த அஞ்சுக்கும் ஆயுசு."

இது எனக்கு உடனே புரிந்தது. திறந்த வயிற்றை மூடுவதற்கு முன்னால் சர்ஜன் ஒருதரம் சுற்றிப் பார்ப்பார். இன்னொரு தரம் திறக்கக் கூடாதே என்றுதான் பார்ப்பார். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம் காட்டினேன். அவர் கஞ்சத்தனம் பிடித்தவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெல்ட் என்ற வரியைப் பார்த்து, இருப்பதிலேயே நல்லதாகப் போடச் சொல் என்றார். டென்ஷனர், சரி. சீல், சரி. ஆறாவது வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"வாட்டர் பம்ப்பு கசியுதா?"

"இல்லீங்க."

"சத்தம் வருதா?"

"இல்லீங்க. அதோட சேர்த்து மாத்திரோணும்னு பாய் சொல்றாருங்க."

"பம்ப்புக்கு நாம எதுக்கு அம்மணி வெளிய போகோணும்?" என்று சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டார். அழுத்திக்கூடப் போடவில்லை. தப்பாக வந்த பில்லைத் திருத்துகிற மாதிரி போட்டார்.

மறுநாள் அவரும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். அதுவரை என் வேலை சம்பந்தமாக அவர் எங்கேயும் வந்ததில்லை. நான் எந்த ஊருக்குப் போகிறேன், எப்போது வருவேன் என்பதைக்கூட வீட்டில் சமையல் செய்கிறவளிடம்தான் கேட்பார். அன்று வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக் கொண்டு, பாய் கழற்றி வைத்திருந்த அந்தச் சின்ன பம்ப்பைக் கையில் எடுத்தார். அதன் சக்கரத்தை விரலால் சுற்றிக் காதோரம் வைத்துக் கேட்டார். இருபது வருஷமாகப் பம்ப் கடைகிறவர். அவர் காதில் வைத்துக் கேட்டால் பேரிங்கின் ஜாதகமே தெரியும் என்று பட்டறையில் சொல்வார்கள். "ஒரு நாள் குடுங்க பாய்," என்று ஒரு துணியில் சுற்றி எடுத்துப் போனார்.

அடுத்த நாள் கொண்டுவந்து வைத்தார். உள்ளே புது பேரிங், புது சீல், எல்லாம் பட்டறையில் இருந்தவை. வெளியே பட்டறைப் பச்சை. எங்கள் பம்ப்புகள் எல்லாவற்றுக்கும் அடிக்கிற அதே பச்சை. காய்ந்தும் காயாத பெயின்ட் வாசம் அடித்தது.

பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்குதுங்க சார். குத்தம் சொல்ல முடியாது," என்றார். பிறகு அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "ஆனா நான் எழுதுனது புதுசுங்க. டாக்டரம்மா, வண்டி உங்களுது. நீங்க சொல்லுங்க."

எனக்கு அந்த உபரி பல்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு வந்தது சந்தோஷம். என் காருக்காக அவர் ஒரு ராத்திரி முழுக்கப் பட்டறையில் நின்றிருக்கிறார், நகக்கண்ணில் பச்சை ஒட்டியிருக்கிறது என்கிற சந்தோஷம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"போட்டுருங்க பாய்," என்றேன்.

பாய் அதையே மாட்டிவிட்டார்.

கார் நன்றாகவே ஓடியது. தை மாதம் மாற்றியது. பங்குனியில் ஒரு நாள் காலையில் காரை எடுத்த பிறகு பார்த்தால், ஷெட் தரையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஈரம். மறுநாளும் அதே இடத்தில். ரேடியேட்டரில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு திருப்திகூட இருந்தது.

"அந்தச் சொட்டு விழோணும் அம்மணி. கெணத்து பம்ப்பு பாத்திருக்கியா? உள்ள சுத்தற தண்டு, அதான் சாஃப்ட்டு, அதைச் சுத்திக் கயிறு அடைச்சிருப்போம். அதுல சொட்டுச் சொட்டா விழுந்துட்டே இருந்தாத்தான் சாஃப்ட்டு சூடேறாம ஓடும். விவரம் இல்லாதவன் சொட்டு விழுதேன்னு இறுக்கிப்போட்டு சாஃப்ட்டையே தேச்சுருவான். சொட்டு நின்னுபோனாத்தான் நாம பயப்படோணும்."

கிணற்று பம்ப்புக்கு அது நூற்றுக்கு நூறு சரி. எத்தனையோ தோட்டத்தில் பம்ப் அறைக்குள் அந்தச் சொட்டைக் காட்டி, விவசாயிகளுக்கு அவர் இதையே விளக்கிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அத்தனை பேரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டினேன். வாரம் ஒருமுறை ரேடியேட்டரில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். பாயிடம் சொல்லவில்லை. சொன்னால் இவருடைய வேலையில் குறை சொன்னதாக ஆகுமே என்று இருந்துவிட்டேன். ஒரு நர்ஸ் மறந்த பல்புக்கு ஆடிய ஆட்டத்தை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை. புதன் எனக்குக் கோபி நாள். காலையில் புளியம்பட்டியில் ஒரு குடலிறக்க ஆப்பரேஷன் முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கோபியிலிருந்து போன். அங்கே நர்சிங் ஹோம் வைத்திருந்த லேடி டாக்டர் எனக்குப் பத்து வயது மூத்தவர். எதற்கும் பதறாதவர். "தலைச்சன் பிரசவம். ராத்திரியிலிருந்து இழுத்துக்கிட்டிருக்கு. இனி சிசேரியன்தான். நீங்க எத்தனை மணிக்கு வந்துருவீங்க?" என்றார். பதினொன்றுக்கு வந்துவிடுவேன் என்றேன். "அப்ப பதினொண்ணுக்கு மேஜையில படுக்க வெச்சுர்றேன்," என்று போனை வைத்தார். அவர் அப்படித்தான். நான் சொன்ன நேரத்துக்கு வராமல் போனதே இல்லை. அதனால் அவர் அந்த நேரத்தைக் கணக்கில் வைத்தே எல்லாம் செய்வார்.

பத்து மணி பத்து நிமிஷத்துக்குக் கிளம்பினேன். நம்பியூர் தாண்டி நான்கைந்து கிலோமீட்டர் போயிருப்பேன். பானெட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. ரப்பர் கருகுகிற வாடை அடித்தது. அடுத்த நொடி இன்ஜின் சத்தமே இல்லை. கார் தானாகக் கொஞ்ச தூரம் உருண்டு ஒரு புளியமரத்தடியில் நின்றது. சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் சுற்றியது, ஆனால் எடையே இல்லாமல் விர்ரென்று சுற்றியது. உள்ளே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. மணி பத்து நாற்பது.

அந்தக் காலத்தில் கையில் போன் கிடையாது. இரண்டு பக்கமும் சோளக்காடு. முதலில் ஒரு கார் வந்தது, கையைக் காட்டினேன், நிற்காமல் போனது. அடுத்து வந்த வேனும் நிற்கவில்லை. நல்ல பட்டுச் சேலையாகக் கட்டியிருந்தால் நின்றிருப்பார்களோ என்னவோ. இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோபி இருக்கிற திசையில் நடக்க ஆரம்பித்தேன். நடந்து போய்ச் சேர முடியாது என்று தெரியும். நிற்க முடியாததால் நடந்தேன். பதினொன்று பத்துக்குக் கோபி பஸ் வந்தது.

ஏறி, நான் டாக்டர், ஆப்பரேஷனுக்குப் போகிறேன், பஸ்ஸை நிறுத்தாமல் விடுங்கள் என்று கண்டக்டரிடம் சொன்னேன். "அம்மணி, இது ரூட்டு பஸ்ஸுங்க. நிக்கிற சனத்தை ஏத்தாமப் போனா நாளைக்கு என்றெ தோலை உரிச்சுருவாங்க," என்றார் மரியாதையாக. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது. வாழைத்தார், கோழிக்கூடை, தவிட்டு மூட்டை எல்லாம் ஏறியது. அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். என் கோபம் எல்லாம் ஒரு பச்சைச் சாமான்மேல் இருந்தது. பானெட்டைத் திறந்துகூட நான் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து நான் நர்சிங் ஹோமுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐம்பது.

தியேட்டர் கதவுக்கு வெளியிலேயே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடியே குழந்தை எப்படி வெளியே வந்தது என்று உறைத்தது. உள்ளே போனேன். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. பதினொன்று இருபத்தைந்து வரை பார்த்த டாக்டர், இனியும் காத்திருந்தால் குழந்தை பிழைக்காது என்று, பல் பிடுங்குவதற்குப் போடுகிற மாதிரி மரத்துப்போகிற ஊசியை வயிற்றில் தோலோடு வரிசையாகப் போட்டுவிட்டு அறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்த ஊசி தோலுக்குத்தான் காணும். அதற்குக் கீழே அது காணாது.

மேஜையில் கிடந்த பெண்ணுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். இரண்டு ஆயாக்கள் இரண்டு கையையும் பிடித்திருந்தார்கள். வாயில் ஒரு துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. நான் தலைமாட்டில் போய் நின்றதும் கண்ணை மட்டும் மேலே உருட்டி என்னைப் பார்த்தாள்.

"வந்துட்டேன் கண்ணு," என்றேன். கை நரம்பில் மருந்தை ஏற்றினேன். அவள் வாயிலிருந்து துணி தானாக விழுந்தது. டாக்டர் நிமிராமல், "இனி நிதானமாத் தைக்கலாம்," என்றார். எல்லாம் முடிந்து வெளியே வந்த பிறகுதான், "கார் நின்னுருச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, விடுங்க," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நடந்ததைக் கணவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ரெண்டு உசுரும் நல்லாத்தான இருக்குது?" என்றார். நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் அதையே சொன்னார். பெல்ட்டைப் பாய் இறுக்கி மாட்டியிருப்பார், பேரிங் அதனால்தான் போயிருக்கும் என்றார். அடுத்த இரண்டு நாளில் அவர் தங்கை வந்து கேட்டபோதும், பட்டறை மேஸ்திரி கேட்டபோதும், "ரெண்டு உசுரும் நல்லாத்தான இருக்குது" என்றார். அதற்கு அடுத்த தடவை அந்த வாக்கியத்தை அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லி முடித்தேன்.

லாரியில் ஏற்றி வந்த காரைப் பாய் மூன்றாம் நாள் திறந்தார். எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பல் வழித்துக் கயிறாகக் கிடந்த பெல்ட்டு. வளைந்த வால்வுகள். கடைசியாகப் பச்சை பம்ப். இறுக்கியதால்தான் போனது என்று சொல்வதற்குத் தயாராகத்தான் இவர் வந்திருந்தார். பம்ப்பைக் கையில் எடுத்துச் சக்கரத்தைச் சுற்றினார். சுற்றவில்லை. அங்கேயே ஒரு ஸ்பானரைக் கேட்டு வாங்கிக் கழற்றினார். பேரிங்குக்குள் கிரீஸே இல்லை. துருவும் தண்ணீருமாக இருந்தது. சீலை நகத்தால் நெம்பி எடுத்தார். ரப்பர் காய்ந்த வெல்லம் மாதிரி இறுகி, விரலில் உடைந்தது.

உடைந்த துண்டைப் பாயிடம் நீட்டினார்.

"இது பச்சைத் தண்ணி சீலு பாய்," என்றார். "நம்ம கெணத்துத் தண்ணி எப்பவும் சில்லுன்னே இருக்கும். இந்தத் தண்ணி கொதிக்கும்னு எனக்குத் தோணவே இல்லை."

"சொட்டு விழுந்திருக்கோணுமேங்க," என்று பாய் மெதுவாகக் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. "ஆறேழு மாசமா விழுந்துச்சுங்க," என்று நான்தான் சொன்னேன். பாய் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டிருக்கலாம். திட்டினால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் காலண்டர் தாள் ஒன்றைக் கிளிப்பிலிருந்து உருவி எழுத ஆரம்பித்தார். பெல்ட்டு. டென்ஷனர்.

"டென்ஷனர் போட்டு எட்டு மாசந்தான பாய் ஆச்சு?" என்றேன்.

"அதுமேலயும் தண்ணி அடிச்சிருக்குதுங்க. இனி நம்ப முடியாது." இன்னொரு சக்கரம். சீல் இரண்டு. போல்ட்டு. வால்வு. அத்துடன் பேனாவை நிறுத்தி, கடைசி வரிக்கு இடம் விட்டுவிட்டு, தாளை இவர் பக்கம் நகர்த்தினார். இவர் பேனாவை வாங்கி 'வாட்டர் பம்ப்' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் 'புதுசு, கடையில்' என்றும் எழுதினார். எனக்குத் தெரிந்து அந்தக் குடும்பத்தில் விலைக்கு வாங்கிய முதல் பம்ப் அதுதான்.

இதற்குப் பிறகும், வீட்டுக்கு வருகிற வழியில், "என்ன இருந்தாலும் ரெண்டு உசுரும் நல்லாத்தான இருக்குது," என்றார். குரல் இறங்கியிருந்தது.

அடுத்த வாரம் தையல் பிரிக்கிற நாளில் கார் தயாராகிவிட்டது. அன்றைக்கு எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. தையல் பிரிக்க மயக்க டாக்டர் தேவையும் இல்லை. ஆனாலும் கோபிக்குப் போனேன். தியேட்டர் ஜன்னலுக்குக் கீழே, ஜல்லி போட்ட இடத்தில், வழக்கமாக நிறுத்துகிற அதே இடத்தில் காரை நிறுத்தினேன்.

அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்று உட்கார வைத்தேன். நான் யோசித்து வைத்திருந்தது ஒன்று. உனக்கு அன்றைக்கு அப்படி ஆனதற்கு நான்தான் காரணம் என்று ஏதாவது ஒரு விதத்தில் சொல்லிவிட வேண்டும்.

"நீங்கதானுங்களாக்கா?" என்றாள். "நீங்க வந்த பொறகுதானுங்க வலி நின்னுச்சு. உங்க கார் வழியில நின்னுபோச்சாமா. பொட்டியத் தூக்கிட்டு நடந்து, பஸ்ஸேறி எனக்காக ஓடி வந்தீங்களாமா. நர்ஸக்கா சொன்னாங்க." குழந்தையை எடுத்து என் மடியில் வைத்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சீப்பு கதலி வாழைப்பழத்தை எடுத்து, இது எங்கள் தோட்டத்துப் பழம், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றாள்.

நான் குழந்தையின் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அவள் நன்றி எனக்கு வேண்டியிருந்தது. இதை எழுதக் கஷ்டமாக இருந்தாலும், நடந்தது அதுதான்.

"ரொம்ப வலிச்சுதா கண்ணு?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "படுக்க வெச்சதுலயிருந்து நர்ஸக்கா, இப்ப வந்துருவாங்க, இப்ப வந்துருவாங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க. உங்க காரு அந்த ஜன்னலுக்குக் கீழதான் வந்து நிக்குமாமா. நான் கார் சத்தத்தையே காதுல வாங்கிட்டுப் படுத்திருந்தேனுங்க. அறுத்தப்பவும் அதைத்தான் கேட்டுட்டு இருந்தேன்."

பழத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டு வந்தபோது நம்பியூருக்கு முன்னால் அந்தப் புளியமரம் வந்தது. நிறுத்தி அழுதேன்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கணவர், "எப்படி இருக்குது அந்தப் புள்ள?" என்றார். பழத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் சொன்ன வேறு எதையும் சொல்லாமல், ஜன்னலைப் பற்றியும் கார் சத்தத்தைப் பற்றியும் மட்டும் அவள் சொன்னபடியே சொன்னேன். கோபமில்லாமல்தான் சொன்னேன். அவர் கை சோற்றிலேயே இருந்தது.

"எவ்வளவு நேரம் படுத்திருந்தா?"

"அம்பது நிமிஷமுங்க. அறுத்த பொறகு இருபத்தஞ்சு."

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். இரண்டு உயிரும் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். பட்டறைக்குக் கிளம்பிய வெள்ளைச் சட்டையோடு, காருக்கு முன்னால் முட்டி போட்டு, உள்ளங்கையை இன்ஜினுக்குக் கீழே தரையில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தரை காய்ந்துதான் இருந்தது. அந்தக் காரை விற்கிறவரை தினமும் காலையில் அப்படித் தடவிப் பார்ப்பார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து, "காஞ்சிருக்குது அம்மணி, போயிட்டு வா," என்பார். அதற்குப் பிறகுதான் நான் சாவியைத் திருப்புவேன்.